பெயரில்லாத கரை

1943 அக்டோபரில் பிரிட்டிஷ் கடற்படையின் கடல்வரைபடப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் ஃபார்க்வார்சன் ஒரு கடிதம் அனுப்பினார். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், பிட்ஸ்டன் குன்றின் மேல் இயங்கிவந்த ஓத ஆய்வுக் கழகத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. அதில் 11 இணை எண்கள் இருந்தன. அந்த எண்களுக்குரிய இடத்தில், 1944 ஏப்ரல் 1 தொடங்கி நான்கு மாதங்களுக்கு, மணிக்கு மணி கடல்மட்டம் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டுத் தர வேண்டும். இடத்தின் பெயர் சொல்லப்படவில்லை. ‘இசட் நிலை’ என்று மட்டும் குறித்திருந்தது. கடிதத்தைப் பெற்ற ஆர்தர் டூட்சன் தன்னிடமிருந்த எந்திரங்களில் அந்த எண்களை அமைத்து, கணக்கை முடித்துக் கொடுத்தார். 1944 ஜூன் 6ஆம் தேதி விடிகாலையில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கின. கடல் அந்த எந்திரம் சொன்னபடி வற்றியிருந்தது.

பழைய அனலாக் கணினிகளில் ஆர்வம் உள்ளவர்கள் இந்தக் கதையைப் பெருமையோடு சொல்வார்கள். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் இருபது ஆண்டுகளாகக் கணினித் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதற்குள் வேறொரு கேள்வி எனக்குத் தெரிகிறது. ஒரு கணக்கைப் போட்டுக் கொடுத்தவருக்கு, அந்தக் கணக்கைக் கொண்டு பிறகு நடந்தவற்றில் எவ்வளவு பங்கு? கொடுத்தவர் இடத்தின் பெயரை அறியாமல் கொடுத்திருந்தால் அந்தப் பங்கு குறையுமா? புலம்பெயர்ந்த தமிழர்களில் எத்தனை பேர் கணினி, பொறியியல், புள்ளிவிவரம் என்று கணக்கைத் தொழிலாகக் கொண்டிருக்கிறோம் என்று யோசித்தால், இது லிவர்பூல்காரர்களின் கேள்வி மட்டும் இல்லை என்பது புரியும்.

முதலில் அந்த எந்திரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்றைய கணினி எண்களை வாங்கி எண்களைத் தருகிறது. அனலாக் கணினிக்குள் எண்ணே கிடையாது. ஒரு பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டுமானால், அதே மாதிரி நடந்துகொள்ளும் இன்னொரு பொருளைச் செய்து, ஓடவிட்டு, அளந்து பார்ப்பதே அதன் வழி. ஒப்புமை என்பதுதான் அதன் பெயருக்கே பொருள். சுருள்வில்லில் தொங்கும் எடை ஆடுவதும், கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்றில் மின்னோட்டம் ஆடுவதும் ஒரே சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டவை. ஒரு பாலத்தை ஆட்டிப் பார்க்க முடியாதபோது அதற்கு நிகரான மின்சுற்றை ஆட்டிப் பார்க்கலாம்.

ஓத எந்திரமும் அப்படித்தான். ஓதம் என்பது கடலின் ஏற்ற இறக்கத்துக்குப் பழைய பெயர். ஈழத்துப் பாடப்புத்தகங்களில் வற்றுப்பெருக்கு என்று படித்திருப்போம். நம் கரைகளில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும் என்பதால் அதன் வலிமை நமக்கு அவ்வளவாக உறைப்பதில்லை. பறுவத்துக்கும் அமாவாசைக்கும் தண்ணீர் கொஞ்சம் கூடும் என்று தெரியும், அவ்வளவுதான். ஆங்கிலக் கால்வாயில் அது பல மீட்டர். காலையில் கப்பல் நின்ற இடத்தில் மத்தியானம் மணல் கிடக்கும்.

இதைக் கணிக்க, பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1872-73இல் ஓர் எந்திரம் செய்வித்தார். கடலை இழுக்கும் ஒவ்வொரு விசைக்கும் அதில் ஒரு சக்கரம். நிலவின் முதன்மையான இழுப்புக்கு 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் ஒன்று, சூரியனுக்குச் சரியாக 12 மணிக்கு ஒரு சுற்று என்று இன்னொன்று, நிலவு பூமியைக் கிட்டியும் விலகியும் போவதற்கு மற்றொன்று. பற்சக்கரங்களின் பல் எண்ணிக்கை இந்த வேகங்களை நிர்ணயிக்கும். ஒவ்வொரு சக்கரத்திலும் மையத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு முளை. சக்கரம் சுழலும்போது அந்த முளை ஒரு கப்பியை மேலும் கீழும் ஆட்டும். ஒரே கம்பி எல்லாக் கப்பிகளின் மீதும் அடியிலுமாக மாறி மாறி ஓடும். அதன் ஒரு முனை அசையாமல் கட்டப்பட்டிருக்கும், மறுமுனையில் பேனா. எல்லாக் கப்பிகளின் அசைவும் அந்தக் கம்பியில் தானாகவே கூட்டப்பட்டுப் பேனாவுக்கு வந்து சேரும். கைப்பிடியைச் சுற்றினால் தாளில் கடல் ஏறி இறங்கும். முதல் எந்திரத்தில் 10 கூறுகள் இருந்தன. ஒரு துறைமுகத்தின் ஓராண்டு ஓதத்தை ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் அது வரைந்துவிட்டது.

சக்கரங்களின் வேகம் எல்லா ஊருக்கும் ஒன்றே. நிலவும் சூரியனும் எங்கும் ஒன்றுதானே. ஊருக்கு ஊர் மாறுவன இரண்டே அளவுகள்: முளை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எந்தக் கோணத்தில் தொடங்குகிறது. கரையின் வடிவம், கடலின் ஆழம், விரிகுடாவின் வாய் எல்லாம் இந்த இரண்டு அளவுகளுக்குள் அடங்கிவிடும். ஃபார்க்வார்சனின் கடிதத்தில் வந்த 11 இணைகள் இவைதான். ஒவ்வொரு கூறுக்கும் ஒரு வீச்சும் ஒரு கோணமும்.

இதே வகை எந்திரத்துக்கு நம் கரைகளோடும் தொடர்பு உண்டு. 1879இல் எட்வர்ட் ராபர்ட்ஸின் வடிவமைப்பில் இந்திய அரசுக்கென்றே ஒன்று லண்டனில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பாம்பன், தூத்துக்குடி, கொழும்பு, திருகோணமலை என்று வரிசையாக ஓத அளவிகள் வைத்து அளந்தார்கள். அளவுகள் சமன்பாடுகளாகி, சமன்பாடுகள் சக்கரங்களின் அமைப்பாகி, அட்டவணைகளாக அச்சேறின. பாம்பனில் தண்ணீர் எப்போது ஏறும் என்பதைப் பாம்பனைப் பார்த்தே இராத ஒருவர் லண்டனில் கைப்பிடியைச் சுற்றிக் கண்டுபிடித்தார். அந்த அட்டவணை சரக்குக் கப்பலுக்கும் உதவியது, போர்க்கப்பலுக்கும் உதவியது. சக்கரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

கருவிக்குப் பக்கம் கிடையாது என்று நாம் சொல்வதன் மிகச் சிறந்த உதாரணம் இந்த எந்திரம். நிலவு எந்தக் கட்சியும் சேராதது, அதைப் போலச் செய்த சக்கரமும் சேராதது. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை சக்கரங்களின் வேகம் வரைக்கும்தான் செல்லும். முளையை நகர்த்தி ஒரு குறிப்பிட்ட கரைக்காக அமைக்கும் இடத்தில் அது நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் ஒரு கை இருக்கிறது. யாரோ ஒருவர், ஏதோ ஒரு காரணத்துக்காக, இந்தக் கரையை, இந்த நாட்களுக்குக் கணக்கிடு என்கிறார். இன்னொருவர் சரி என்கிறார். பக்கமில்லாத கருவி பக்கமுள்ள வேலைக்குப் போவது அந்தச் ‘சரி’யில்தான்.

ஆர்தர் டூட்சனை இந்தக் கட்டுரைக்கு நான் தேர்ந்ததற்குக் காரணம் அவருடைய முற்கதை. முதல் உலகப் போரில் அவர் மனச்சாட்சியின் பேரில் போரை மறுத்தவர். அதே போர்க் காலத்தில் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் கார்ல் பியர்சனின் குழுவில் அமர்ந்து எறிகணைகளின் பாதையைக் கணக்கிட்டவரும் அவரே. துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்றவர் குண்டு எந்த வளைவில் பறக்கும் என்று எழுதிக்கொண்டிருந்தார். பிறகு லிவர்பூலுக்குத் திரும்பி, வாழ்நாளைக் கடலுக்குக் கொடுத்தார். ஓதத்தில் கலந்திருக்கும் கூறுகளை ஏறக்குறைய 400 வரை பிரித்துக் காட்டினார். இரண்டாவது உலகப் போர் வந்தபோது அந்தக் கடலே போர்க்களமாகி அவருடைய மேசைக்கு வந்தது.

டூட்சனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கம் இல்லை. நார்மண்டித் தரையிறக்கம் நாஜி ஆட்சியின் முடிவுக்கு வழி திறந்தது. ஓதக் கணக்கு இல்லாமல் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதே காலத்தில் ஒரு சான்று இருக்கிறது. 1943 நவம்பரில் பசிபிக் கடலின் டராவா தீவில் அமெரிக்கப் படகுகள் எதிர்பார்த்த அளவு தண்ணீர் ஏறாமல் பவளப்பாறையில் தட்டி நின்றன. வீரர்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் தண்ணீரில் நடந்தபடி சுடப்பட்டார்கள். நார்மண்டியிலோ, பெருக்கில் மூழ்கியிருக்கும் தடைகளை ஜெர்மானியர்கள் கரையெங்கும் நட்டிருந்தார்கள். வற்றின கடலில் அவை வெளியே தெரியும்போது இறங்கி, தகர்த்து, ஏறிவரும் தண்ணீரில் அடுத்த படகுகளைக் கொண்டுவருவதுதான் திட்டம். கரைக்குக் கரை வற்றும் நேரம் வேறுபட்டதால் இறங்கும் நேரமும் காலை 6:30 முதல் 7:45 வரை வேறுபட்டது. பிட்ஸ்டனில் வேலை செய்த இளம்பெண்கள் கைப்பிடியைச் சுற்றிப் பெற்ற எண்கள் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தன என்றால் அது மிகையாகாது.

ஆகவே ஒன்று தெளிவு. கணக்கிட்டவருக்குப் பங்கு உண்டு என்றால்தான் இந்தப் புகழ் அவர்களுக்கு உரியது. அவர் வெறும் எண்ணைத்தானே கொடுத்தார், நடந்தது எதற்கும் அவர் பொறுப்பில்லை என்றால் புகழிலும் பங்கில்லை. நாம் வழக்கமாக இரண்டு தராசுகள் வைத்திருக்கிறோம். நம் ஊர்ப் பிள்ளை ஒரு விண்கலத்தின் மென்பொருளில் வேலை செய்தால் ஊரே அனுப்பியது போல் பேசுவோம். அதே பிள்ளை ஓர் ஆயுத நிறுவனத்தில் வழிகாட்டும் மென்பொருள் எழுதினால் “அது வேலை தானே” என்போம். புகழில் பங்கு, பழியில் விலக்கு. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது.

எறிகணைக் கணக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனலாக் கணினியின் வரலாற்றில் பெரும்பகுதி அதுதான். 1931இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வன்னேவர் புஷ் வகையீட்டுப் பகுப்பான் என்ற எந்திரத்தைச் செய்து முடித்தார். அதன் இதயம் தொகையிடும் உறுப்பு: கிடையாகச் சுழலும் ஒரு கண்ணாடித் தட்டு, அதன் மேல் செங்குத்தாக நிற்கும் ஒரு சிறிய சக்கரம். தட்டின் மையத்தில் சக்கரம் நின்றால் சுழலாது, விளிம்புக்குப் போகப் போக வேகமாகச் சுழலும். மையத்திலிருந்து உள்ள தூரம்தான் சார்பின் மதிப்பு, சக்கரம் சுழன்ற மொத்தச் சுற்றுதான் தொகை. பள்ளியில் நம்மைப் பயமுறுத்திய நுண்கணிதம் அங்கே கண்முன்னே உருண்டுகொண்டிருந்தது.

இந்த உறுப்பில் ஒரு சிக்கல். சக்கரம் தட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அதன் மேல் எந்தச் சுமை ஏற்றினாலும் அது வழுக்கிவிடும், கணக்குப் பிழைத்துவிடும். ஆனால் அதன் சுழற்சிதான் அடுத்த பல்சக்கரங்களை எல்லாம் ஓட்டியாக வேண்டும். சுழற்சி விசையைப் பெருக்கும் கருவி ஒன்றை இடையில் வைத்து இதைத் தீர்த்தார்கள். சக்கரத்தின் மெல்லிய அசைவு ஒரு கயிற்றை லேசாக இழுக்கும். தனி மோட்டாரால் சுழன்றுகொண்டிருக்கும் உருளையில் அந்தக் கயிறு இறுகி, மோட்டாரின் பலத்தில் மிச்ச எல்லாவற்றையும் திருப்பும். துறைமுகத்தில் கப்பலின் வடத்தை உருளையில் சுற்றி ஒற்றை ஆள் இழுத்து நிறுத்துகிறாரே, அதே தத்துவம். கணக்கிடும் சக்கரம் எந்தச் சுமையும் தாங்குவதில்லை. சுமை எல்லாம் வேறு எங்கிருந்தோ வரும் விசையால் தாங்கப்படுகிறது. கணக்கு சரியாக வருவதற்கு அதுவே நிபந்தனை.

இந்த அமைப்பை நினைக்கும்போதெல்லாம் எங்கள் தொழில் எனக்கு நினைவுக்கு வரும். நாங்களும் தொட்டும் தொடாமலும் நிற்கிறோம். ஒரு வாடிக்கையாளர், ஒரு தேவை ஆவணம், ஒரு கால எல்லை. சுமை எங்கள் மேல் இல்லை. எங்களிடமிருந்து புறப்படும் சிறிய அசைவு எங்கோ பெருக்கப்பட்டு யாருடைய கடனையோ, விசாவையோ, வேலையையோ திருப்புகிறது.

புஷ்ஷின் எந்திரங்கள் போரின்போது பீரங்கிச் சுடு அட்டவணைகள் தயாரித்தன. கை எந்திரத்தை வைத்து மனிதர் போட்டால் 20 மணி நேரம் எடுக்கும் ஒரு பாதையை அது 15 நிமிடத்தில் முடித்தது. அட்டவணையில் இன்ன தூரத்துக்குக் குழாயை இவ்வளவு உயர்த்து என்று இருக்கும். பக்கத்தில் குண்டு பறக்கும் நேரம் விநாடிகளில் இருக்கும்.

அந்த விநாடிகள் எங்களில் பலருக்குத் தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ‘குத்துற சத்தம்’ கேட்டதும் பங்கருக்குள் இறங்கி எண்ணத் தொடங்குவோம். பெரியவர்கள் வாய்விட்டு எண்ணுவார்கள், அம்மம்மா தேவாரம் சொல்வா. ஒன்று, இரண்டு என்று போய், வெடித்த இடம் எங்கள் வளவு இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். பொறியியல் படிக்க வந்த பிறகு நூலகத்தில் ஒரு சுடு அட்டவணையின் படத்தைப் பார்த்தேன். நாங்கள் எண்ணியது அதில் ஒரு நெடுவரிசை. எங்கோ ஓர் அமைதியான அறையில், தேநீர் குடித்துக்கொண்டு, யாரோ ஒருவர் அதைச் சரிபார்த்திருப்பார். அவருக்கு எங்கள் மேல் கோபம் ஏதும் இருந்திருக்காது. எங்கள் ஊரின் பெயரே தெரிந்திருக்காது.

அந்த மனிதர் என்ன சொல்லித் தன்னைக் காத்துக்கொள்வார்? நான் ஒரு சங்கிலியின் ஒரு கண்ணி என்பார். நான் செய்யாவிட்டால் இன்னொருவர் செய்திருப்பார் என்பார். எனக்குத் தெரியாது என்பார்.

முதல் பதிலை எடுத்துக்கொள்வோம். சங்கிலி நீளமானால் பொறுப்பு பிரிந்து சிறிதாகும் என்பது அதன் அடிப்படை. பத்துப் பேர் சேர்ந்து ஒரு சுவரைக் கட்டினால் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு உழைப்பு என்பது சரி. ஆனால் அந்தச் சுவர் ஒருவர்மேல் விழுந்தால் பத்தில் ஒரு பங்கு மட்டும் யாரும் சாவதில்லை. உழைப்பைப் பங்கிடுவது போலப் பொறுப்பைப் பங்கிட்டால் கடைசியில் யாரிடமும் இல்லாத ஒரு மரணம் மிஞ்சும்.

இரண்டாவது பதில், இன்னொருவர் செய்திருப்பார் என்பது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது உலகத்தைப் பற்றிய செய்தி, என்னைப் பற்றியதன்று. நடப்பது மாறாது என்பதால் நான் செய்வது நான் செய்ததாக இல்லாமல் போய்விடாது.

மூன்றாவதுதான் கடினமானது. தெரியாதவரை எப்படிப் பொறுப்பாக்குவது? இங்கே இன்னொரு அனலாக் பொறியாளரை நினைத்துப் பார்க்கலாம். ஹெல்முட் ஹோல்சர் ஜெர்மானியர், இளமையில் கிளைடர் ஓட்டியவர். காற்றுக்குள் மிதக்கும்போது தரையைச் சார்ந்த தன் வேகம் என்ன என்று அறிய ஆசைப்பட்டார். முடுக்கத்தை அளந்து மின்தேக்கியில் தொகையிட்டால் வேகம் வரும் என்று கண்டார். அழகான ஆசை. அந்த யோசனை பீனமுண்டேயில் வி-2 ஏவுகணையை வழிநடத்தும் மின்சுற்றாக வளர்ந்தது. அங்கே 1941இல் அவர் கட்டியது உலகின் முதல் மின்னணு அனலாக் கணினிகளில் ஒன்று. வி-2 லண்டனிலும் ஆன்ட்வெர்ப்பிலும் விழுந்தது. அதைத் தயாரித்த நிலத்தடிச் சுரங்கத் தொழிற்சாலையில் டோரா முகாம் கைதிகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். விழுந்து கொன்றதைவிடச் செய்யும்போது கொன்றது அதிகம் என்று சொல்லப்படும் ஆயுதம் அது. போர் முடிந்ததும் ஹோல்சர் அமெரிக்காவுக்குப் போனார், விண்வெளித் திட்டத்தில் கணக்கீட்டுப் பிரிவின் தலைவராக இருந்தார். அதே தொகையிடும் சுற்று. கிளைடருக்கு ஒரு மதிப்பு, வி-2க்கு ஒரு மதிப்பு, நிலவுப் பயணத்துக்கு ஒரு மதிப்பு.

டூட்சனையும் ஹோல்சரையும் வேறுபடுத்துவது அவர்கள் போட்ட கணக்கின் தரமோ, சங்கிலியில் அவர்கள் நின்ற தூரமோ இல்லை. என்ன தெரிந்திருக்க முடியும், தெரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான். கடிதத்தில் கரையின் பெயர் இல்லை என்பது டூட்சனுக்குத் திரை ஆகாது. வீச்சையும் கோணத்தையும் பார்த்து எந்தக் கடல் என்று ஊகிக்கத் தெரிந்தவர்கள் அன்று உலகத்தில் சிலர்தான், அவர்களில் முதன்மையானவர் அவர். போர்க்காலத்தில், கடற்படையிலிருந்து, வரப்போகும் கோடைக்கு என்று கேட்கும் கணக்கு எதற்கு என்பதும் மறைபொருள் இல்லை. முளையை நகர்த்தியவர் கண் திறந்தே நகர்த்தினார். சுரங்கத்திலிருந்து வந்த ஏவுகணைகளோடு வேலை செய்தவர்களுக்கும் கண்கள் இருந்தன.

அனலாக் எந்திரத்தின் ஒரு குணம் இதுதான். அதை அமைப்பவர் கணக்கின் பொருளைப் புரிந்தே ஆக வேண்டும். எந்தச் சக்கரம் எதைக் குறிக்கிறது, எந்த மின்னழுத்தம் எவ்வளவு உயரம் என்று தெரியாமல் எதையும் திருப்ப முடியாது. டிஜிட்டல் உலகம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. அதன் தொடக்கமும் புஷ்ஷின் எந்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1936இல் அதை இயக்கும் வேலைக்கு வந்த கிளாட் ஷானன், அதைக் கட்டுப்படுத்திய ரிலே சுற்றுகளைப் பார்த்துப் பார்த்து, ஆம்-இல்லை என்ற தர்க்கத்தால் எந்தச் சுற்றையும் எழுதலாம் என்று அடுத்த ஆண்டே தன் ஆய்வேட்டில் காட்டினார். அதன்பின் எல்லாம் ஒன்றும் பூஜ்யமும். நான் இன்று எழுதும் ஒரு நிரல் கடலைக் கணக்கிடுகிறதா, கடன் தவணையைக் கணக்கிடுகிறதா என்று எனக்குத் தெரியாமலே அது சரியாக ஓடும். அறியாமை இப்போது ஒரு வசதி. ஒப்பந்தத்திலேயே எழுதித் தருகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேலைக்காக எனக்கு ஒரு தரவுத்தொகுப்பு வந்தது. பெயர்களை எல்லாம் நீக்கி, நெடுவரிசைகளுக்கு வெறும் எண்கள் கொடுத்திருந்தார்கள். ஆட்களை வரிசைப்படுத்தும் ஒரு மதிப்பெண் செய்ய வேண்டும். நெடுவரிசைகளில் ஒன்றில் நான்கு இலக்க எண்கள். எத்தனை தடவை எந்த எண் வருகிறது என்று வரைந்து பார்த்தேன். 1984இல் ஏறத் தொடங்கி, எண்பதுகளின் கடைசியில் கூடி, தொண்ணூறுகளில் உயர்ந்து, 2009ஐ ஒட்டி இன்னொரு மேடு. அது நாட்டுக்குள் வந்த ஆண்டு என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அது எந்த மக்கள் என்பதையும்தான். என் குடும்பமும் அந்த வளைவில் ஒரு புள்ளி.

இந்த மதிப்பெண் எதற்கு என்று எழுதிக் கேட்டேன். அது உங்கள் வேலை எல்லைக்குள் வராது என்று முதல் பதில். தெரியாமல் எடைகளைத் தீர்மானிக்க முடியாது என்று மறுபடி எழுதினேன். இரண்டு நாளில் தெளிவான பதில் வந்தது: முதியோருக்கான சேவையில் மொழி தெரிந்த பணியாளர்களை எங்கே போடுவது என்பதற்காகத்தான். நல்ல காரியம். மகிழ்ச்சியோடு செய்தேன். நோக்கம் தெரிந்ததால் கணக்கும் மேம்பட்டது.

பதில் நல்லதாக வந்தது என்பதால் கேள்வி வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே நெடுவரிசையை, அதே வளைவை, சந்தேகப் பட்டியல் ஒன்றுக்கும் எடைபோட்டிருக்கலாம். இரண்டுக்கும் நிரல் ஒன்றாகவே இருந்திருக்கும். கேட்பதற்கு மொத்தம் இருபது நிமிடமும் கொஞ்சம் கூச்சமும்தான் செலவானது.

சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் குற்றம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அவன் பொய் சொல்லவில்லை, லஞ்சம் வாங்கவில்லை, கோவலன்மேல் அவனுக்குப் பகையும் இல்லை. பொற்கொல்லன் சொன்னதை விசாரிக்காமல் ஆணையிட்டான். சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால் மாணிக்கமா முத்தா என்று ஒரு நொடியில் தெரிந்திருக்கும். உடைத்துப் பார்த்தது கோவலன் இறந்த பிறகு. தெரியாது என்ற வாதத்தை அவன் சொல்லவே இல்லை. தெரிந்துகொள்ளும் வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பது அவனுக்கே புரிந்தது, அதனால் உயிர் விட்டான். அதே கதையில் கொலைக்கு அனுப்பப்பட்ட காவலர்கள் கோவலனின் முகத்தைப் பார்த்து, இவன் கள்வன் மாதிரித் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். கொல்லன் சாமர்த்தியமாகப் பேசுகிறான். அவர்கள் தயங்கிக்கொண்டிருக்கும்போதே எதையும் கேட்காத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் அந்தக் காட்சியில் இருக்கின்றன. தயங்கியவர்களின் கேள்வி இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் மதுரை எரிந்திருக்காது.

நான் வந்து சேரும் முடிவு பெரியதொன்றும் இல்லை. கணக்கிடுபவரின் பொறுப்பு அவர் களத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதால் அளக்கப்படுவதில்லை. அவருக்குத் தெரிந்ததாலும், கேட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடியதாலும் அளக்கப்படுகிறது. எல்லா ஆயுத வேலையையும் மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டூட்சனே அதற்கு எளிதான பதிலை விட்டுச் செல்லவில்லை. மறுப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, டராவாவின் பவளப்பாறையில் அது தெரிந்தது. ஆனால் ஏற்பவரும் மறுப்பவரும் கரையின் பெயரைத் தெரிந்துகொண்ட பிறகு அதைச் செய்ய வேண்டும். இது எதற்கு, யார் மேல் விழும், பிழைத்துப்போனால் யார் தாங்குவார்? இந்த மூன்றையும் கேட்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் நம் பிள்ளைகள் வேலை செய்தால், சம்பளத்தைப் பற்றி விசாரிப்பதோடு அதைப் பற்றியும் சாப்பாட்டு மேசையில் பேசலாம். எண்ணியபடி பங்கருக்குள் இருந்த தலைமுறைக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

பிற்கால மின்னணு அனலாக் கணினிகளில் மூன்று நிலை உள்ள ஒரு திருகுகுமிழ் இருக்கும். முதல் நிலையில் தொடக்க மதிப்புகளை அமைப்பார்கள். இரண்டாவதில் கணக்கு ஓடும். மூன்றாவது நிறுத்திவைக்கும் நிலை. அதில் திருப்பினால் மின்தேக்கிகளில் அதுவரை சேர்ந்த மின்னூட்டம் அப்படியே நிற்கும். எந்த இடத்தில் எவ்வளவு என்று அளவியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பார்த்து முடித்ததும் குமிழைத் திருப்பினால் விட்ட இடத்திலிருந்து கணக்கு தொடரும், எதுவும் அழிந்திருக்காது. ஆனால் அதிக நேரம் அப்படியே வைத்திருக்க முடியாது. மின்னூட்டம் மெல்லக் கசியத் தொடங்கும். பார்க்க வேண்டியதை அதற்குள் பார்த்துவிட வேண்டும்.